சாறத்தாரின் அரை மணித்தியாலச் சோதனை

ரொறன்ரோவில் ஒரு தமிழ் வீட்டுக்கு முதன்முதலாக, வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபேர்னஸ் பூட்டியவன் நான்தான்.

சரி, பொய். அது முதலாவதுமில்லை, பூட்டியவன் ஒரு இத்தாலிக்காரன். நான் ரோச்லைற் பிடித்தேன். அதையும் அவன் கண்ணுக்கு நேரே பிடித்ததால், அரை நாளிலேயே என்னை மேலே போய் இருக்கச் சொல்லிவிட்டான்.

ஆனால் இது பொய்யில்லை: இந்த நகரத்தில் அடுத்தவர் வீட்டுச் சோபாக்களில், இடுப்பில் சுற்றிய சாறத்தோடும் வெறும் மேலோடும் அதிக நேரம் இருந்த மனிதர் எங்கள் சாறத்தார்தான். தாய் தகப்பன் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. வாடகைச் சீட்டில் பார்த்திருக்கிறேன். நீளமான பெயர். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் முன்பாதி மறந்துவிடும். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்காபரோவில் அவர் வாங்கி வாடகைக்கு விட்டிருந்த வீட்டில், மேலே நானும் இன்னும் இரண்டு பேரும். கீழே பேஸ்மென்றில் மன்னாரிலிருந்து வந்த பிலோமினா அக்கா, புருசன், பிறந்து இரண்டு மாதமான பெண்குழந்தை. நவம்பரில் வீட்டின் பழைய எண்ணெய் ஃபேர்னஸ் இருமத் தொடங்கியது. பார்க்க வந்தவன், கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்கினால் பெரிய விசயம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாற்றுவதற்கு இரண்டு வழி இருந்தது. அறைக்கு அறை சுவரோரமாகக் கரண்ட் ஹீற்றர் பூட்டலாம். அது மலிவு, ஹைட்ரோ என்கிற கரண்ட் பில்லையும் குடியிருப்பவர்களே கட்டிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வீடு முழுவதற்கும் ஒரே காஸ் ஃபேர்னஸ். விலை கூட, பில்லும் சாறத்தார் தலையில். அவர் பகலில் ஒரு தொழிற்சாலை, பின்னேரத்தில் ஒரு டோனட் கடை என்று ஓடிக்கொண்டிருந்தார். அந்த வருடத்தோடு டோனட் கடை வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய கனவு. கரண்ட் என்றால் விடலாம். காஸ் என்றால் விட முடியாது.

நான் கரண்ட் கட்சி. "சூட்டைக் கூட்டிக் குறைக்க அறைக்கு ஒரு திருகி அண்ணை! அவரவர் அறைக்கு அவரவர் ராசா!" என்று துள்ளினேன். ராசாவின் பெயருக்குத்தான் பில் வரும் என்பது எனக்கு விளங்க ஒரு கிழமை எடுத்தது. பிலோமினா அக்காவுக்கு உடனேயே விளங்கிவிட்டது. புருசனுக்கு வேலை போயிருந்த நேரம்.

"அந்தப் பில் எங்களாலை கட்ட ஏலாது தம்பி. ஒண்டில் வீட்டை விட்டு எழும்போணும், இல்லாட்டில் பிள்ளையோடை விறைக்கோணும்" என்றார்.

சாறத்தார் விற்க வருகிறவர்கள் தந்த தாள்களை நம்பமாட்டார். அவரிடம் ஒரே ஒரு சோதனைதான். யாழ்ப்பாணத்து ஆம்பிளை ஒருவன் சாறத்தோடு, சட்டை போடாமல், அரை மணித்தியாலம் இருந்து பேப்பர் வாசிக்க வேண்டும். வாசித்தால் வீடு. வாசிக்க முடியாவிட்டால் ஐஸ்பெட்டி. ஆகவே ஒரு பையில் சாறத்தை மடித்து வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் வீடுகளுக்குப் புறப்பட்டார். கார் ஓடுவது என் வேலை. வழியைத் தவறவிடுவதும் என் வேலைதான்.

முதலில் பிறம்ரன். சாறத்தாரின் மனைவியின் தம்பி வீடு. கரண்ட் ஹீற்றர்.

"வாங்கோ அத்தான், கோப்பி குடிக்கிறியளோ?"

"அது கிடக்கட்டும். பாத்றூம் எங்கை?"

போனவர் சாறத்தோடு வெளியே வந்து வெள்ளைச் சோபாவில் அமர்ந்தார். மச்சான் பெருமையோடு திருகியை முழுக்கத் திருப்பினார். "பாருங்கோ அத்தான், நெருப்பு!" பத்து நிமிடம் உண்மையிலேயே நெருப்புத்தான். பிறகு மச்சானின் மனைவி கோப்பியோடு வந்தார். வீட்டுக்குள்ளேயே ஜாக்கெற் போட்டிருந்தார். போகிற போக்கில் திருகியைக் குறைத்துவிட்டுப் போனார். மச்சான் கூட்டினார். அவர் திரும்பி வந்து குறைத்தார். சாறத்தாரின் தோள் முழுவதும் புல்லரித்துவிட்டது.

"சட்டையைப் போடுங்கோவன் அண்ணை" என்றேன்.

"பொத்தடா வாயை. இன்னும் பத்து நிமிசம் கிடக்கு."

அடுத்த கிழமை யூனியன்வில். கோயிலில் பழக்கமான ஒருவர் வீடு, காஸ் ஃபேர்னஸ். சாறத்தார் இருந்த இடத்தில் காலடியில் சூட்டுக் காற்று வரும் ஓட்டை. ஃபேர்னஸ் ஓடத் தொடங்கியதும் சாறம் கூடாரம் போல எழும்பியது. பேப்பரால் அமத்திப் பிடித்தார். கால் மணித்தியாலத்தில் பேப்பரும் அவரும் சரிந்து, குறட்டை கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடத்தால் வந்த பொடியன் வாசலில் அப்படியே நின்றான்.

"மொம்! வை இஸ் தெயர் எ நேக்கட் அங்கிள்?"

"உஷ்! அங்கிள் ஹீற் செக் பண்ணுறார்."

திரும்பி வரும்போது சாறத்தார் பையை மடியில் வைத்துக்கொண்டார். "சூடு நல்ல சூடுதான்ரா. ஆனா இந்த டோனட் கடை..." என்று நிறுத்தினார்.

"அப்ப கரண்டோ அண்ணை?"

"இரடா. எங்கடை பேஸ்மென்றிலையும் ஒருக்கா இருந்து பாப்பம்."

பேஸ்மென்றில் ஒரு கதிரையில் அமர்ந்தார். பக்கத்து அறையில் பழைய ஃபேர்னஸ் இருமிக்கொண்டிருந்தது. எதிரே பிலோமினா அக்காவின் மடியில் குழந்தை. தலையில் இரண்டு கம்பளித் தொப்பி, கைகளில் சொக்ஸ். குழந்தை அவருடைய வெறும் மேலை அதிசயமாகப் பார்த்தது.

"உந்தப் பிள்ளை எப்பவும் உப்பிடித்தானோ?"

"ஓம் அண்ணை. குளிப்பாட்டேக்கை மட்டும் கழட்டுவன்."

"கரண்ட் ஹீற்றர் பூட்டினா என்ன செய்வாய்?"

"திருகமாட்டன் அண்ணை. இன்னொரு தொப்பி போடுவன்."

சாறத்தார் எழும்பிவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் பாதியில் விட்ட சோதனை அது ஒன்றுதான். சட்டையை மாட்டினார், பொத்தான்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பூட்டப்பட்டிருந்தன.

"தம்பி, காஸ்காரனுக்கு ஃபோன் அடி. சின்னன் வேண்டாம், பெரிசு."

"அப்ப டோனட் கடை?"

"அது இன்னும் ரெண்டு வருசம் பொரியட்டும்."

கிறிஸ்மசுக்கு ஒரு கிழமை இருக்கும்போது பூட்டி முடிந்தது. அன்றைக்கே சாறத்தார் பையோடு கீழே இறங்கினார். பிலோமினா அக்கா குழந்தையின் தொப்பிகளையும் சொக்ஸையும் கழற்றி, லூசாகக் கட்டிய பம்பர்ஸோடு மட்டும் அவர் மடியில் வைத்தார். இரண்டு பேரும் வெறும் மேலோடு பேப்பர் பார்த்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டாவது நிமிடம், குழந்தை ஒரு மாதிரி முகத்தைச் சுளித்து, அவருடைய சாறத்தில்...

"இஞ்சருங்கோ!" இத்தனை வருடங்களுக்குப் பிறகு இதை எழுதிக்கொண்டிருக்கும் என்னைக் கீழேயிருந்து என் மனைவி கூப்பிடுகிறாள். "சாறத்தார் பையோடை வந்து வாசல்லை நிக்கிறார். ஆரோ புது வீடு வாங்கியிருக்கினமாம், உங்களையும் வரட்டாம். எழுதிக்கொண்டிருக்கிறார் எண்டு சொல்லட்டோ?"

"வேண்டாம், வாறன். நீ முதல் கதவைத் திற. மனுசன் குளிருக்குள்ளை நிக்குது."