காற்று குறையாத டயர்கள்

ஒரு வண்டிக்கு நான்கு டயர்கள் வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். தேய்ந்துபோனால் மாற்ற வேண்டும் என்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எந்த டயரை மாட்டுவது என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டால்தான் ஆண்டவன் நம்மைக் காப்பாற்ற வேண்டும்.

ஓமானின் கிழக்குக் கரையில் அந்த மீனவ ஊருக்கு ஒரே ஒரு பிக்கப் வண்டி. கரை வசதி அலுவலகம் கொடுத்தது. கடல் கொந்தளிக்கும் பருவம் வருமுன் படகுகளைக் கயிறு கட்டி மணல்மேல் இழுத்து ஏற்றுவது அதன் வேலை. ஓட்டுகிறவர் ஹுமைத்; மகன் பெயரைச் சேர்த்து 'அபூ நப்ஹான்' என்றும் அழைப்பார்கள். அவருடைய படகும் தண்ணீரில்தான் நின்றது. டயர்களோ குழந்தையின் கன்னம்போல வழுவழுவென்று ஆகியிருந்தன.

அதிகாரி உஸ்தாத் ஜுமைல் கஹ்வா காப்பி ஊற்றிக் கொடுத்து, பேரீச்சம்பழத் தட்டையும் நகர்த்தினார்.

"சொல்லுங்க அபூ நப்ஹான். இழுவை வண்டி டயரா, மணல் வண்டி டயரா?"

"மணல்ல இழுக்கிற வண்டி, உஸ்தாத்."

"அப்படி ஒரு வகை எங்ககிட்ட இல்லியே."

"வகை எதுக்கு? அகலமா, சாதாரணமா நாலு டயர் போதும். மணல்ல இறங்கும்போது பாதிக் காத்த இறக்கிருவோம். ஒட்டகத்தோட பாதம் மாதிரி பரவி நிக்கும். புதையாது."

உஸ்தாத் கோப்பையைக் கீழே வைத்தார். "வேணும்னே இறக்குவீங்களா? காத்து குறைஞ்ச டயர் பழுதான டயர்னு விதி சொல்லுது. பழுதான டயரோட பாரம் இழுக்கக் கூடாது."

"முழுக் காத்தோட போனா புதைஞ்சிருமே."

"புதையறது டயரோட குத்தம் இல்ல, மணலோட குத்தம். மணல் எங்க துறை கிடையாது."

ஆகவே மேற்படி மணல் ஒரு பையில் கட்டப்பட்டு, உரிய துறைக்கு அனுப்பப்பட்டது. ஆழ்ந்த ஆய்வுக்குப்பின் 'மணல் உதிரியாக உள்ளது' என்று பதில் வந்தது. அதன்பேரில் டயர் தேர்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. முணுமுணுத்துக்கொண்டிருந்த ஹுமைதையே அதில் உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள்.

நல்ல மனிதர்தான், பாவம். ஆனால் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து 'மாண்புமிகு உறுப்பினர்' என்று அழைத்தால் யாருக்குத்தான் தலை நிமிராது? அல்வாவும் வந்தது. ஊர் இளைஞர்கள் வேறு, மணல்மேட்டுப் பந்தயக்காரர்கள் மாட்டுகிற, பக்கவாட்டில் வெள்ளை எழுத்துப் போட்ட டயர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். எழுத்து வெளிப்பக்கமா உள்பக்கமா என்பதிலேயே கூட்டங்கள் கழிந்தன.

"படகு என்ன, எழுத்துக் கூட்டிப் படிக்கப்போகுதா?" என்றாள் அவர் மனைவி ஸுவைனா, சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டபடி.

"இதெல்லாம் குழுவுல பேசுற விஷயம். உனக்குப் புரியாது."

"காத்து இறக்குறதப் பத்திப் பேசினீங்களா?"

"அதுக்கும் வழி பண்ணிட்டோம். காத்து வாய்க்கு முத்திரை வெச்சிருவோம். உறுப்பினர் எல்லாரும் கூடி நின்னா உடைச்சு இறக்கலாம். என்னோட யோசனைதான்."

ஸுவைனா சட்டியை இறக்கிவைத்தாள். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.

டயர்கள் வந்தன. நாடா வெட்டி, படம் பிடித்து, மாட்டினார்கள். மறுநாளே கடல் பொங்கியது.

"அபூ நப்ஹான், முத்திரைய உடைங்க. உங்க படகு பாறைப் பக்கம் போகுது" என்று கத்தினார் ஒரு மீனவர்.

ஹுமைதின் கை முத்திரைவரை போய் நின்றது. "உறுப்பினர்ல பாதிப் பேர் மஸ்கட்டுல இருக்காங்களே."

"படகு உங்களோடதுய்யா."

"விதியும் என்னோடதுதான்."

வண்டி முழுக் காற்றோடு மணலில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. படகுக்கு வைத்திருந்த கயிற்றை வண்டியில் கட்டி, ஊர்ச்சனம் மொத்தமும் முதலில் வண்டியை இழுத்தது. அது பத்திரமாகக் கரையேறியதும், அதே கையோடு படகுகளையும் இழுத்தார்கள். உஸ்தாத் ஜுமைலும் வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இழுத்தார். அவருக்கும் இறைவன் கூலி கொடுப்பான். ஹுமைதின் படகு கடைசியாக வந்தது. அதற்குள் அடிப்பாகம் பிளந்திருந்தது.

'படகுகள் யாவும் கரையேறின. புதிய டயர்களில் தேய்மானம் சிறிதளவும் இல்லை' என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். ஹுமைத் தன் படகின் பிளவுக்குப் பிசின் பூசிக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க," என்றார். "தேயவே தேயாது."

"மணல்ல புதையுமா?"

"புதையும். உங்க ஊர்ல இழுக்க ஆள் இருக்குல்ல?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். இந்த ஊரைவிடத் தங்கள் ஊரில் ஆள் அதிகம் என்று தெரிந்ததும், சந்தோஷமாக அலுவலகத்தைப் பார்த்து நடந்தார்கள்.