ஒரு சொல்லில் போன வீடு

மன்னாரில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை. பஸ் நிலையத்திலும் நிற்கும், கோட்டை வாசலிலும் நிற்கும். அதில் ஒன்று விமானம் ஏறி ஒல்லாந்துக்குப் போனதை ஊரில் யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கழுதை நான்தான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி ரீத்தா சொல்லத் தொடங்கினால் விடியும்.

ரீத்தா எனக்குப் பல வருடம் முன்பே அங்கே போனவள். முதியோர் இல்லத்தில் வேலை. டச்சு மொழியில் சண்டை பிடித்து வெல்லுமளவுக்குத் தேர்ச்சி. நான் பூக்களைப் பெட்டியில் அடுக்கும் ஆள். பூக்களோடு என்ன பேச்சு? மொழி வரவில்லை. (வர விடவுமில்லை. பஞ்சி, சோம்பல்.)

வயோதிபர்களைத் தூக்கித் தூக்கி ரீத்தாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிப் படியேறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கைக்கு எட்டியவை லிஃப்ட் இல்லாத பழைய மாடிக் கட்டடங்கள்தான். ஆகவே கீழ்த்தளத்தில் ஒரு வீடு வேண்டும். ஆறு வீடு பார்த்தோம். ஆறும் வேறு யாருக்கோ போனது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் யார், எப்படிப்பட்ட ஆட்கள், அந்த வீட்டின் மேல் ஏன் ஆசை என்று விளக்க வேண்டுமாம்! இவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் எங்கள் மன்னார்க் கோட்டைக்குள் நூறு வருடத்துக்கு மேல் குந்தியிருந்தார்கள். ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கேட்டார்களா?

ஏழாவது வீடு ஒரு புறநகரில் கிடைத்தது. செங்கல் கட்டடம். தெரு முழுக்க மரம். இலை விழுகிற சத்தம் கேட்கும் அமைதி. கீழ்த்தளம். விற்பவர் ஒரு விதவைக் கிழவி. கூடிய விலைக்கு அல்ல, மனதுக்குப் பிடித்தவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்று தரகரிடம் சொல்லியிருந்தாராம்.

வீடு பார்க்கப் போவதற்கு முன் மன்னார்ப் பேசாலையிலிருந்து அத்தான் போன் எடுத்தார். அக்காவின் புருஷன். காணிப் பதிவுக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். தெரியாது என்ற சொல்லை வாழ்நாளில் சொல்லாதவர்.

"தம்பி, நீ ஏன் பயப்பிடுறாய்? கந்தோர் ஆரின்ரை சொல்லு? உறுதி எழுதுற நொத்தாரிஸ் ஆரின்ரை சொல்லு? கக்கூஸ்? எல்லாம் ஒல்லாந்தன்ரை சொல்லு. நாங்கள் முந்நூறு வருசமா டச்சு கதைக்கிற ஆக்கள்!"

பக்கத்திலிருந்த ரீத்தா போனைப் பறித்து வைத்தாள். "இஞ்சேருங்கோ, அங்கை வந்து வாயைத் திறக்கப்படாது. சிரியுங்கோ, தலையை ஆட்டுங்கோ. அது காணும்."

அதன்படிதான் நடந்தேன். சிரித்தேன். ஆட்டினேன். கிழவி கோப்பியும் ஆளுக்கு ஒரேயொரு பிஸ்கட்டும் தந்தார். ரீத்தா சுவரைப் பிடிக்காமல் அறை அறையாக நடந்தாள். அவள் அப்படி நடந்து கண்டு வெகு காலம். பின்கதவைத் திறந்து மரங்களைப் பார்த்தவள் என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினாள். கிழவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தன் கதை எல்லாம் சொன்னார். வீடு எங்களுக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒன்றுக்கு வந்தது.

உள்ளே போனால் பளிங்குபோல் இருக்கிறது. கதவில் ஒரு கலண்டர். பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளெல்லாம் அதில் எழுதியிருந்தது. (கொண்டுபோய்த் தொங்கவிட வேறு இடமே கிடைக்கவில்லையா, கடவுளே?) அதைப் பார்த்ததும் என் மனம் இளகிவிட்டது. நாலு நல்ல வார்த்தை சொல்லத் தோன்றியது. அழகு என்பதற்கு 'மோய்' என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு 'ஹௌஸ்' என்றும் தெரியும். ஆகவே எங்கள் ஊர்க் கக்கூஸின் கூஸைக் கொஞ்சம் நீட்டி, ஹௌஸ் ஆக்கி, நடு விறாந்தையில் நின்று இரண்டு கையையும் விரித்துச் சொன்னேன்:

"மோய் கக்ஹௌஸ்!"

அத்தான் சொன்னது உண்மை. அது அவர்களுடைய சொல்தான். ஆனால் இன்றைக்கு அதைக் குடிவெறிகாரர்தான் சொல்வார்கள். அதைவிட, நான் கை விரித்த விரிப்பில் முழு வீடும் அடங்கிவிட்டது. நாற்பது வருடம் வாழ்ந்து, புருஷனையும் சாகக் கொடுத்த வீட்டை ஒருவன் அழகான பீ வீடு என்கிறான். கிழவியின் முகம் சிவந்தது. தரகர் கோப்பையைக் கீழே வைத்தார்.

ரீத்தா பாய்ந்து விளக்கினாள். இது எங்கள் தமிழிலும் இருக்கிற சொல், உங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் விட்டுப்போனது, இவர் மரியாதையாகத்தான் சொன்னார் என்று. கிழவி கேட்டுவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். வெளியே வந்ததும் ரீத்தாவிடம் கேட்டேன்.

"என்னவாம்?"

"நாங்கள் உங்களுக்கு விட்டுட்டு வந்தது அது மட்டுந்தானோ எண்டு கேக்கிறா."

இரண்டு நாளில் பதில் வந்தது. வீடு வேறு ஆட்களுக்காம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தரகரைக் கூப்பிட்டு, கோட்டையில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். ரீத்தா சொல்லித்தர மறுத்ததால் பாதி ஆங்கிலம், பாதி கை. அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மன்னாரா? அது எங்கே இருக்கிறது?" என்றான். நூறு வருடத்துக்கு மேல் எங்கள் ஊரை ஆண்டவனின் பேரனுக்கு அது இருக்கிற இடமே தெரியவில்லை! இதற்காகவாவது அந்தச் சொல்லை இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் வாங்க முடிந்தது அதே ஊரில், அடுத்த தெருவில், மூன்றாம் மாடி வீடு. லிஃப்ட் இல்லை. மரங்கள் உண்டு, மேலிருந்து பார்க்கலாம். விருந்தாளிகள் மூச்சு வாங்க ஏறி வந்ததும் ரீத்தா என்னை அறிமுகம் செய்வாள்.

"இவர்தான். கீழை இருந்த வீட்டை ஒரே சொல்லிலை மூண்டாம் மாடிக்கு ஏத்தினவர்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பேசாலையிலிருந்து வீடியோவில் அத்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பார். ரீத்தாவும் கதிரையில் இருந்து முழங்காலைத் தடவியபடி சிரிப்பாள். நான் அந்தக் கையைப் பார்க்காமல் கோப்பி ஊற்றப் போய்விடுவேன்.