குமுதா நிரை தாண்டிய வழக்கு

என் தங்கை குமுதாவுக்கு வயது பன்னிரண்டு. அவள் செய்த குற்றம், பந்தை எடுத்தது.

வேறு ஊராக இருந்தால் கை தட்டியிருப்பார்கள். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி சாப்ட்பால் அணியில் அதற்கு விசாரணை வைத்தார்கள். கடைசி ஆட்டத்தில் மூன்றாம் பேஸில் நின்றிருந்தவள் பதினைந்து அடி முன்னால் ஓடி, உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து, ஆளை அவுட்டாக்கி, ஆட்டத்தையும் ஜெயித்துத் தொலைத்துவிட்டாள். அதனால் குவாந்தானில் நடக்கும் போட்டிக்கான பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். காரணம்: "ஒதுக்கப்பட்ட நிலையை முன்னனுமதியின்றித் துறந்தமை."

துறந்தமை! சந்நியாசிகளைப் பற்றிப் படிக்கும்போதுதான் இந்தச் சொல்லை நான் பார்த்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாப்ட்பாலில் 'பண்ட்' என்று ஒரு தந்திரம் உண்டு. மட்டையை ஓங்கி வீசாமல், பந்து வரும் வழியில் சும்மா நீட்டிப் பிடிப்பார்கள். பந்து நாலடி உருண்டு படுத்துக்கொள்ளும். அதற்குள் அடித்தவள் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்குப் பறந்துவிடுவாள்; பந்து அவளை முந்தினால்தான் அவுட். இதை முறியடிக்க மூன்றாம் பேஸ்காரி முன்னால் பாய வேண்டும். அவள் விட்ட இடத்துக்குப் பக்கத்தில் நிற்பவள் நகர வேண்டும். அவள் விட்ட இடத்தை இன்னொருத்தி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி அசைந்தால் எல்லாரும் அசைய வேண்டும்.

அசைவது என்பது எங்கள் விளையாட்டுக் குழுத் தலைவர் சுகுமாரன் கிராணியாருக்கு ஆகாது. முப்பது வருஷம் தோட்டத்துக் கணக்கராக இருந்து, தேயிலை மலையில் ஆட்களுக்கு நிரை பிரித்துக் கொடுத்தவர். இன்னாருக்கு இந்த வரிசைச் செடி என்றால் அது அவருக்கு மட்டும்தான். அடுத்தவர் நிரையில் கை வைத்தவர்களின் மானம் மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும்போதே, கப்பலேறிவிடும். இப்போது மெஷின் வந்து கொழுந்து வெட்டுகிறது. மெஷினுக்கு மானம் கிடையாது. ஓய்வு பெற்ற கிராணியாரின் முப்பது வருஷ அனுபவம் எங்கே போய் இறங்குவது என்று தெரியாமல் சுற்றி, கடைசியில் பள்ளிப் பாடாங்கில், அதாவது விளையாட்டுத் திடலில், இறங்கியது.

ஒரு நாள் ஒரே பந்துக்கு இரண்டு பிள்ளைகள் ஓடி முட்டிக்கொண்டதில் ஒரு பல் போயிற்று. ஆடிக்கொண்டிருந்த பால் பல்தான். ஆனாலும் அவசரக் கூட்டம் கூடியது. சுண்ணாம்புத் தூளால் பாடாங்கை ஒன்பது நிரையாகப் பிரித்தார்கள். "தற்காப்பு நிலைப்பாட்டு ஒழுங்குமுறை" என்று ஒரு தாள் அச்சடித்து லேமினேட் செய்து ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் மாட்டினார்கள். இந்தக் காலத்தில் கேபிஐ இல்லாமல் கோழிகூட முட்டை போடுவதில்லை அல்லவா? அதனால் அதுவும் வந்தது. யார் எவ்வளவு நேரம் தன் கட்டத்துக்குள் நின்றார் என்பதற்கு "நிலைகாத்தல் விழுக்காடு".

குமுதா எண்பத்தாறு. பட்டியலில் முதலிடம் பிடித்த நீலாவதி நூற்றுக்கு நூறு. வலது மூலையில் நிற்கும் அந்தப் பிள்ளை ஐந்து ஆட்டமாக நகரவே இல்லை. ஒரு முறை பந்து அவள் சப்பாத்தில் வந்து மோதியதே என்று யாரோ கேட்டதற்கு, "பந்துதான் நகர்ந்தது" என்று குறிப்பேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

நான் செமஸ்டர் லீவில் வீட்டிலிருந்தேன். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? நேரே கிராணியார் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, மட்டைக்கு முன்னால இருக்கிற இடம் யாரோட நிரை?"

"அது பொது வழிம்மா. லோரி போற ரோடு மாதிரி."

"அங்க பந்து விழுந்தா?"

"ரோட்டுல சிந்துன கொழுந்த யாரு எடுப்பா? எடுக்கக் கூடாது. எடுத்தா சண்டை வரும்."

"கொழுந்து விழுந்தா கிடக்கும் ஐயா. இங்க அடிச்ச புள்ள ஓடுதே."

"அது அவங்க நிரை. ஓடட்டும். நமக்கு ஏன் பொறாமை?"

"அப்ப குமுதா அந்த ஆட்டத்துல தோத்திருக்கணுங்கிறீங்க."

"ஒழுங்கா தோத்திருக்கலாம்லா. ஒழுங்கில்லாம ஜெயிச்சுட்டா. அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு." பிறகு பரிதாபமாகப் பார்த்து, "யுனிவர்சிட்டியில இதெல்லாம் சொல்லித் தர்றது இல்லையா?" என்றார்.

மூன்று வருஷமாக விவாத மேடை ஏறுகிறேன். அன்றைக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

பயிற்சி கொடுக்கும் நவமணி டீச்சரிடம் போனேன். "அவ செஞ்சதுதான் சரி. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார். சந்தோஷமாகப் பேனாவை எடுத்தேன். "அத எழுதிடாத. எனக்கு டிரான்ஸ்பர் வர வேண்டியிருக்கு."

செவ்வாய்க்கிழமை கியா பார்ம் பக்கத்துப் பிள்ளைகளோடு பயிற்சி ஆட்டம். குமுதா வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். வந்த பிள்ளைகள் இரண்டு பந்திலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். அப்புறம் ஒருத்திகூட மட்டையை ஓங்கவில்லை. எல்லாம் பண்ட். ஒவ்வொரு பந்தும் பொது வழியில் போய்ப் படுத்தது. எங்கள் ஒன்பது பேரும் லேமினேட் தாள் காற்றில் படபடக்க, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஓடுகிறவள் ஓடி முடித்துப் பேஸில் ஏறிய பிறகு, நடுவரே நடந்து போய்ப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பத்தொன்பதுக்குப் பூஜ்யம்.

கிராணியார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நமது அணி வரலாற்றில் முதன்முறையாக, நிலைகாத்தல் நூறு விழுக்காடு." சிலர் கைகூடத் தட்டினார்கள்.

அதற்கு மேல் தோட்டமே கொதித்துவிட்டது. எங்கள் அம்மா மணியம்மா, "என் புள்ளய வெளிய உட்கார வெச்சிட்டு வேடிக்கையா பாக்குறானுங்க?" என்று பாடாங்கிலேயே சேலையை இழுத்துச் செருகினார். "குமுதாவுக்கு நீதி" என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அன்று சாயங்காலத்துக்குள் எழுபத்து நாலு பேர். விசாரித்ததில் வழி இருந்தது: ஒரே பக்க மேல்முறையீட்டுப் படிவம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் தானா ராத்தா டவுனில் தேர்வுக் குழு மேசையில் நேரில் கொடுத்தால், குமுதா குவாந்தான் போகலாம்.

படிவத்தை அன்றே நிரப்பி, அப்பா கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்தோம். நான் அதற்கு ஆதரவாகப் பதினோரு பக்க விளக்கம் எழுதி, அடிக்குறிப்புகளோடு குழுவில் போட்டேன். அறுபத்திரண்டு கட்டைவிரல் விழுந்தது. மூன்று நாள் தோட்டத்தில் வேறு பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு அம்மா சோற்றுப் பானையை வைக்க மேசையில் இடம் ஒதுக்கினார். படிவம் அங்கேயே இருந்தது.

"டீச்சர் நேத்து மீட்டிங்குக்கு தானா ராத்தா போனாங்களே, அவங்க வந்து வாங்கிட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் அம்மா.

டீச்சருக்குப் போன் போட்டேன். "நீ அவ்வளவு எழுதுனியே, நீயே கொண்டு போவேன்னுதான் நெனச்சேன்."

நானோ, தினமும் தானா ராத்தா வழியாக லோரி ஓட்டும் அப்பாவை நினைத்திருந்தேன். அப்பா கை கழுவிக்கொண்டே, "பெரிய படிப்பு படிச்ச புள்ள வீட்டுல இருக்கே. நான் ஏன் குறுக்க போகணும்?" என்றார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு, வழக்கம்போல, எல்லாரும் சின்னவளைப் பார்த்தோம்.

"ஏண்டி, உன் டியூஷன் வேன் தானா ராத்தாவுக்குத்தானே போகுது? யாரும் எடுக்கலேன்னு தெரியுதுல்ல, நீயாச்சும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றேன்.

குமுதா சாப்ட்பாலை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"எடுக்கலாம்னு கை வந்துச்சுக்கா. போன தடவ யாரும் எடுக்காதத எடுத்ததுக்குத்தானே வீட்டுல உட்கார்ந்திருக்கேன்."