ஏழாம் எண் வீட்டுக்கு நியாயம் கேட்ட கதை

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். இந்தக் கடிதத்தின் கடைசி வரிக்குப் பிறகும் நீ நலமாக இருக்க வேண்டுமென்று மனமார விரும்புகிறேன்.

விஷயம், வீட்டு வரி. உன் அப்பா நடுவில் ஒரே சுவரை வைத்து, ஒரே அச்சில் இரண்டு வீடு கட்டி, ஏழாம் எண்ணை உன் அக்காவுக்கும் எட்டாம் எண்ணை உனக்கும் கொடுத்தார். இரண்டும் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுச் சாவியோடு உன் தபாலும் என்னிடம்தானே வருகிறது? போன மாதம் இரண்டு வரி நோட்டீசும் சேர்ந்தே வந்தன. பார்த்தால், எட்டுக்குப் போட்டதைப்போல ஏழுக்கு இரண்டு மடங்கு! ஒழுகும் கூரையை அடைக்க உன் அக்கா சேர்த்து வைத்த பணம் அப்படியே போய்விடும். "கட்டித் தொலைச்சிடுங்க" என்று சொன்னாள். கணக்கு வாத்தியாரிடமே கணக்கா? "பாரபட்சத்தை நீக்குக" என்று மேல்முறையீட்டு மனு போட்டேன்.

வீட்டை அளக்க வரி ஆபீசிலிருந்து நாடாவோடு ஒருவர் வந்தார். "வாசல்ல நம்பர் தகடே இல்லையே சார்?" என்றார். "என்னைத் தெருவுக்கே தெரியும். எனக்கெதுக்குத் தகடு?" என்றேன். தெருவை மறுமுனையிலிருந்து எண்ணுகிறோம் என்று போன வருடம் புதுத் தகடு அடிக்க வந்தவர்களையும் இப்படித்தான் விரட்டினேன். அவர்கள் விட்டுப்போன தகடு பரண்மேல் கிடக்கிறது. நாடாக்காரர் உள்ளே வருவதற்குள் ஒழுகலுக்கு வைத்திருந்த வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். "ஒழுகுதுன்னு சொன்னாத்தானே குறைப்பாங்க?" என்று உன் அக்கா குறுக்கே வந்தாள். "சும்மா இரு. உன் தம்பி வீடு ஒழுகல. நம்ம வீடு ஒழுகுதுன்னா ரெண்டும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது?" என்று வாயை அடைத்தேன்.

விசாரணையன்று வரி அதிகாரி கேட்டார்: "ரெண்டு வீடும் ஒண்ணுதானா?" "இம்மி பிசகாது." "எழுதித் தருவீங்களா?" தந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க சொல்றது நியாயம். பாரபட்சத்தை நீக்கிடறோம்" என்றார். நீக்கியும் விட்டார். ஏழின் வரியைத் தொடவில்லை. எட்டின் வரியை அதற்குச் சமமாக ஏற்றிவிட்டார்.

பதறாதே மாப்பிள்ளை. குடியிருப்பவனுக்கு முழு வரி, பூட்டிப் போட்டவனுக்குப் பாதி என்றால் அது எந்த ஊர் நியாயம்? எனக்குப் பைசா குறையாவிட்டாலும் என் வாதம் ஜெயித்தது. உன் பங்கை உடனே அனுப்பிவிடு. அக்காமேல் கோபப்படாதே, அவள் தடுத்துத்தான் பார்த்தாள்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல், வரி பாக்கி இல்லாமல் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
என்றும் நியாயத்தின் பக்கம் நிற்கும்
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா பரண்மேலிருந்த தகட்டை எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் எட்டு என்று இருக்கிறது. தெருவில் பதினாலு வீடு. மறுமுனையிலிருந்து எண்ணினால் நாங்கள் எட்டு, நீதான் ஏழு. நோட்டீஸ் புது எண்ணில்தான் வருமாம். ஆக, அந்தப் பெரிய வரி முதலிலிருந்தே உன்னுடையது. நான் வாதாடி ஏற்றியது என்னுடையதை. இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? இரண்டு வீட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று அடுத்த மனு தயார். உன் வீடு சொட்டுக்கூட ஒழுகாது என்று நீ வந்து சாட்சி சொல்ல வேண்டும். வாளியை நடுக்கூடத்தில் வைத்துவிட்டேன். இனி மழைதான் மனசு வைக்க வேண்டும்.