வலது ஓகே, இடது ஓகே

நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்தன்று கோயிலில் நான் சொன்ன 'சம்மதம்' பாதிரியாருக்கே கேட்கவில்லை, மறுபடியும் கேட்டார். (என் மனைவி இன்றும், "அப்பவே நான் எழுந்து ஓடியிருக்கணும்" என்பாள்.)

இப்படிப்பட்டவனைத்தான் என் மகள் பிரின்சியின் எட்டாம் வகுப்பில் பேசக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் தமிழ் டீச்சர் அமலா. கட்டுரையை நோட்ஸ் பார்த்து எழுதினால் சிவப்பு மையில் அப்படியே கோடு போட்டு அடித்துவிடுவார். "கண்ணால பாத்தத எழுதுங்க" என்பார். அதற்காகப் பெற்றோரில் ஒருவரை வரவழைத்து, தன் வேலையைப் பற்றிப் பேசவிட்டு, பிள்ளைகளை எழுதச் சொல்வார். அந்த வாரம் வரவேண்டியவர் இன்னொரு பிள்ளையின் அப்பா, சூப்பர்வைசர்; அவருக்கு ஓவர்டைம் விழுந்துவிட்டது. செகண்ட் ஷிப்ட் என்பதால் காலையில் வீட்டில் இருந்த நான் மாட்டினேன்.

பிரின்சியும் என் ரத்தம்தான். நன்றாக எழுதுவாள்; எழுந்து வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுவாள். வழி முழுக்க அவளுக்குக் கவலை.

"யப்பா, அங்க வந்து இன்னா பேசப்போற?"

"பாத்துக்கலாம்மா."

"நீ சொதப்பிட்டு கம்பெனி பஸ் ஏறிப் பூடுவ. நான்தான் அந்த கிளாஸ்லயே உக்காந்துகினு இருக்கணும்."

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். சரக்கைத் தூக்கிப்போகும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பாதையைச் சும்மா தாண்டக் கூடாது. நின்று, விரலை நீட்டி, வலது, இடது, முன்னால் என்று காட்டி, ஒவ்வொன்றுக்கும் 'ஓகே' என்று கத்த வேண்டும். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டும். வருடக்கணக்கில் செய்து அது உடம்பில் ஊறிவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்க ரோட்டைத் தாண்டினாலும் கை தானாக நீளும்.

வகுப்பு வாசலில் நின்றேன். பிள்ளைகள் மொத்தமாக எழுந்து "வணக்கம் சார்!" என்றார்கள். (என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை.) மூளை நின்றுவிட்டது. கை நிற்கவில்லை.

"வலது ஓகே! இடது ஓகே! முன்னாடி ஓகே!"

முன்னாடி அமலா டீச்சர், சாக்பீஸோடு. வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஓடிவிடலாம் என்று திரும்பினேன். திரும்பினால் மறுபடியும் வாசல்.

"வலது ஓகே!"

பிரின்சி முகத்தை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டாள்.

வேறு ஆசிரியராக இருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார். அமலா டீச்சர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "சிரிச்சாச்சா? இப்ப எழுதுங்க. 'பயந்தார்'னு எழுதக் கூடாது. பயந்தாருன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? அத எழுது. சார், நீங்க அப்படியே நில்லுங்க."

நின்றேன். பிடிபட்ட திருடனைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். பிறகு வாசித்தார்கள்.

"அவர் சட்டைப் பையில் பேனா இல்லை. ஆனாலும் அடிக்கடி தடவிப் பார்த்தார்."

"அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஃபேனிடம் பேச வந்தவர் போல இருந்தார்."

ஒன்றுகூடப் பொய்யில்லை. வெட்கத்தையும் மீறி வியந்துபோனேன். இந்த வயதில் இப்படிப் பார்க்க ஒருவர் கற்றுக்கொடுத்திருக்கிறாரே! என் காலத்தில் நான் எழுதியதெல்லாம் 'பசு ஒரு சாதுவான பிராணி'. பசுவை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அப்போது பிரின்சி தானாக எழுந்தாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

"எங்கள் அப்பா வீட்டில் சத்தமாகப் பேச மாட்டார். இன்றுதான் அவருடைய கம்பெனிக் குரலைக் கேட்டேன். அப்படிக் கத்துவதால்தான் தினமும் பத்திரமாக வீட்டுக்கு வருகிறார்."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல திருத்த ஒண்ணும் இல்ல. உக்காரு" என்றார்.

வேலையைப் பற்றி நான் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது நான் சமையலறைக்குள் போனால் என் மனைவி, "வலது ஓகே, இடது ஓகே, ரசம்தான் ஓகே இல்ல" என்று வரவேற்கிறாள். பிரின்சி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறாள். மைக் முன்னால் போய் நின்றதும் என்னைத் தேடிப் பார்த்து, விரலை லேசாக வலதுபக்கம், இடதுபக்கம் அசைப்பாள். அது ஏதோ பக்திப் பழக்கம் என்று பாதிரியார் நினைத்துக்கொண்டிருக்கிறார்.