தெற்குச் சரிவில் ஒதுக்கீடு

ஒரு காட்டில், போன மழைக்கு நாலைந்து இடங்களில் மண் சரிந்ததிலிருந்து, அனுமதியில்லாமல் யாரும் வளை தோண்டக் கூடாது என்று சிங்கம் உத்தரவு போட்டிருந்தது. எந்த மண் தாங்கும், எது தாங்காது என்று கணிக்க ஒரு கருவியும் வந்தது. அது முடிவை மட்டும் சொல்லும். ஏன் என்று கேட்டால் விளக்கைச் சிமிட்டும். மிருகங்கள் கூடிக் கத்தவே, காரணங்களையும் பத்துப் பங்காகப் பிரித்துச் சொல்லும் புதுக் கருவியை வாங்கி வைத்தார்கள்.

சிலம்பாயி என்ற முள்ளம்பன்றி நிறைசூலி. மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. கருவி அவளுக்குத் தெற்குச் சரிவை ஒதுக்கியது. அவள் போய் முன்னங்காலால் கிளறிப் பார்த்தாள். ஒரு முழத்துக்குக் கீழே வழுவழுவென்று களிமண், அதற்கும் கீழே நீர் கசிந்து ஓடியது. அலுவலகத்துக்குத் திரும்பி வந்தாள்.

"அண்ணே, அந்த இடம் நிக்காது."

கருவிக்குப் பொறுப்பான கருங்குரங்கு தணிகாசலம் காகிதத்தை இழுத்து வாசித்தார். "களிமண் இருப்பது பாதகம், ரெண்டு பங்கு. அங்கேயிருந்து இதுவரை புகார் வராதது சாதகம், எட்டுப் பங்கு."

"அங்க இருந்தவங்க எல்லாரும் போன மழையில புதைஞ்சுட்டாங்களே. யாரு புகார் குடுப்பா?"

"அதை அவங்க எழுதிக் குடுத்திருக்கணும்மா."

"அப்ப நான் எழுதித் தரேன்."

"குடியிருக்கிறவங்கதான் தரலாம். போய்க் குடியேறு, அப்புறம் வா."

சிலம்பாயி ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்டாள். சரிவின் ஓரத்துப் பாறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுப் புகாரோடு வந்தாள். தணிகாசலம் அதைக் கருவிக்குள் செருகினார்.

"தெற்குச் சரிவு தாங்காது" என்றது கருவி.

அவளுக்கு மூச்சு வந்தது. ஒதுக்கீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிழக்குப் பாறைப் பக்கம் கேட்டாள். தாங்காது. ஆலமரத்தடி கேட்டாள். தாங்காது. சிங்கத்தின் குகைக்குப் பக்கத்தில் கேட்டாள். அதுவும் தாங்காது.

"காரணம் என்னண்ணே?"

"முள்ளம்பன்றி இருப்பது பாதகம், எட்டுப் பங்கு" என்று வாசித்தார். "இந்தக் காட்டுக்கே இதுதான் முதல் புகார். அதுல இருந்தது நீ ஒருத்திதான். கருவி அதைப் பிடிச்சுக்கிச்சு."

"நான் இருக்கறதாலயா மண்ணு சரியுது?"

"நான் அப்படிச் சொல்லலை. அது சொல்லுது. தெளிவாத்தானே சொல்லுது?"

தெளிவாகத்தான் சொன்னது.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பேச்சிமுத்து என்ற முயலுக்கும் அவன் உறவுக்காரர்கள் ஐந்து குடும்பத்துக்கும் தெற்குச் சரிவு கிடைத்தது. பேச்சிமுத்து காகிதத்தை அவளிடம் காட்டினான்.

"முள்ளம்பன்றி இல்லாதது சாதகம், எட்டுப் பங்கு. பாருங்கக்கா, முன்னாடியெல்லாம் ஒண்ணுமே சொல்லாம அனுப்பிடுவாங்க."

"கீழ தண்ணி ஓடுது தம்பி. நான் தோண்டிப் பார்த்தேன்."

பேச்சிமுத்து குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா எங்களுக்கு நல்லது."

சிலம்பாயி தள்ளி நின்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி, காட்டின் எல்லையைத் தாண்டி நடந்தாள்.

நீதி: மண் சரிவுக்குக் காரணம் அதைத் தோண்டிப் பார்த்தவர்தான். மற்றவர்கள் நிம்மதியாகக் குடியேறலாம்.