ஆடாதேங்கோ மாஸ்டரின் குருவி

சவப்பெட்டியின் தலைமாட்டில் பாண்கடை பெர்னாந்து முதலாளி. இடப்பக்கம் மீன்கார மேரியக்கா. வலப்பக்கம் தையல்கார காசிம் நானா. கால்மாட்டில் கோயில் மணி அடிக்கிற சவிரி. பெட்டிக்குள் ஆடாதேங்கோ மாஸ்டர். கமராவுக்குப் பின்னால் நான், பக்கத்து சலூன்காரன்.

கொழும்புக் கொட்டாஞ்சேனையை ஒரு சொல்லால் நிறுத்தி வைத்தவர் மாஸ்டர் ஒருவர்தான். வெள்ளைக்காரன் பொலிஸாலும் அது முடியவில்லை. ஸ்டூடியோவில் படம் எடுக்கக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஆடாதேங்கோ!" என்பார். மாப்பிள்ளை மூச்சை நிறுத்துவார். கைக்குழந்தை அழுகையை நிறுத்தும். தெருவில் போன ரிக்சாவும் ஒருமுறை நின்றது. அவருடைய சொந்தப் பெயர் பெட்டியில் எழுதும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் மட்டும் ஆடுவார். என் நாற்காலியில் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. கத்தி கழுத்தில் இருக்கும்போது வாசலில் குருவி பறந்தால் திரும்பிவிடுவார். வெட்டு விழும். படிகாரம் தேய்ப்பேன்.

"நீ ஏன் கத்திய அங்க வச்சனீ?" என்பார்.

எங்கள் தெருவில் குருவி கூடு கட்ட மண்முட்டி தொங்கவிடாத வீடு இல்லை. மற்றவர்கள் அதிர்ஷ்டத்துக்குத் தொங்கவிட்டார்கள். மாஸ்டர் படத்துக்குத் தொங்கவிட்டார், ஸ்டூடியோ முன்னறையிலேயே. குருவி கிளம்பினால் சின்னக் கமராவையும் அதோடு சேர்த்து வீசித் திருப்புவார். கமரா திரும்பும், ஆளும் திரும்புவார். அப்படித்தான் ஒருநாள் மேரியக்காவின் மீன்கூடைக்குள் விழுந்தார்.

"அறுவானே! சூடைமீன் முழுக்க நசிஞ்சுபோச்சு!"

"ஆடாதை மேரி, குருவி திரும்பி வருது."

கழுவிய படத்தைப் பார்த்தால் வெறும் வெள்ளைப் புகை.

"மாஸ்டர், இதில குருவி எங்க?" என்று கேட்டார் காசிம் நானா.

"நிக்கிற குருவியக் கூரையில பார். இது பறக்கிற குருவி. சிறகடிச்சுச் செட்டை ஓடவேணும். தலை மட்டும் நிக்கவேணும்."

"தலையும் ஓடிட்டுதே!"

"அதுதான் இன்னும் வரேல்லை."

வரவேயில்லை.

உலக யுத்தம் வந்தது. கமராவுக்குள் படத்துக்கு ஒன்றாகப் போடும் கண்ணாடிப் பிளேட்டுக்குத் தட்டுப்பாடு. இருந்த பிளேட்டுகளைக் கலியாணங்களுக்கு வைக்காமல் குருவிகளுக்கு விட்டார். பிறகு காய்ச்சல் வந்து படுத்தார். எழும்பவில்லை. அலுமாரியைத் திறந்தோம். மிச்சம் ஒரு பிளேட்.

மன்னாரில் அவருக்கு ஓர் அக்கா. வேறு ஆளில்லை. அக்கா படுத்த படுக்கை, ரயிலேற முடியாது. மாஸ்டர் மீசை முளைக்க முன் கொழும்புக்கு வந்தவர். அதன் பிறகு அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் படம் எடுத்தவர் தன்னை ஒரு படம் எடுத்ததில்லை. பிரேதத்தைச் சுற்றி நின்று படம் எடுத்து, வர முடியாத உறவுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லாப் பிரேதத்தையும் எடுத்தவர் அவர்தான். அவரை யார் எடுப்பது?

"கத்தி பிடிக்கிற கை நடுங்காது. நீ எடு," என்றார் பெர்னாந்து முதலாளி.

"பழுதாப்போனா?"

"பழுதாப்போனா அக்காக்காரி தம்பின்ர முகம் பாக்காமலே கண்ண மூடுவா," என்றார் மேரியக்கா.

முதலில் மாஸ்டருக்குச் சவரம் செய்தேன். அன்றுதான் ஒரு கீறலும் விழவில்லை.

ஸ்டூடியோ முன்னறையில் பெட்டிக்கு எதிரே கமராவை நிறுத்தினேன். கமராக் கண்ணின் மூடியைக் கழற்றி, ஐந்து எண்ணி, மூட வேண்டும். பார்த்த பழக்கம்தான். கழற்றுவதற்கு முன் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். பெட்டியைப் பார்த்தேன். அவருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா மூடியைக் கழற்றினேன்.

அந்தச் சொல் கேட்டால்தான் எங்கள் தெரு நிற்கும். நால்வரும் அதற்குக் காத்திருந்தார்கள். காத்திருந்தபடி மேரியக்கா மூக்கைச் சிந்தினார். சவிரி சிலுவை போட்டான். காசிம் நானா தொப்பியைச் சரிசெய்தார். முதலாளி முகத்தில் மொய்த்த இலையானை விரட்டினார். முட்டியிலிருந்து குருவி ஒன்று கிளம்பிப் பெட்டிக்கு மேலால் பறந்தது. எல்லாத் தலையும் அதோடு திரும்பியது. ஐந்து முடிந்தது, மூடிவிட்டேன்.

"எப்ப எடுக்கப்போறாய்?" என்று கேட்டார் மேரியக்கா.

"எடுத்தாச்சு."

"அட பாவி! ஆடாதேங்கோ எண்டு சொல்லேல்லையே!"

வேறு பிளேட் இல்லை. பெட்டியை மூடித் தூக்கினோம்.

பிளேட்டைப் புறக்கோட்டைப் படக்கடையில் கழுவக் கொடுத்தேன். காசிம் நானாவும் கூட வந்தார். கடைக்காரன் படத்தை நீட்டி, "எல்லாம் ஆடிப்போச்சு," என்றான். நால்வரும் புகை. குருவி ஒரு வெள்ளைக் கோடு. நடுவில் மாஸ்டர். இமைமயிர் கூடத் தெரிந்தது.

காசிம் நானா தொப்பியைக் கழற்றினார்.

"செட்டை ஓடுது. தலை நிக்குது. மனிசன் நெனச்சத முடிச்சிட்டார்."

மேரியக்காவின் தம்பி படத்தை மன்னாருக்குக் கொண்டுபோனான். அக்கா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தாராம்.

"தம்பி வடிவாத் தெரியிறான். மற்ற ஆக்கள் ஏன் பறக்கினம்?" என்று கேட்டாராம்.

இன்னொரு பிரதி என் சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காலையில் கண்ணாடியைத் துடைக்க முன் அதைத்தான் துடைப்பேன். கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்வதில்லை. நின்றவர்கள் நால்வர். குருவி ஒன்று. ஆடாதவர் ஒருவர்.